நூறு கலம் நெல்: தமிழகக் கோயில்களில் கலைஞர் வாழ்வூதியம்

முதலாம் இராசராசனின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டில், அதாவது 1014ஆம் ஆண்டையொட்டி, தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டொன்று, கோயிற்பணிக்கென வரவழைக்கப்பட்ட 400 பெண்களின் பெயர்களையும், அவர்கள் எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதையும், குடியேறிய வீட்டையும், ஆண்டு வருவாயையும் ஒன்றுவிடாமல் பதிந்து வைத்திருக்கிறது. திருவாரூர், திருவையாறு, பழையாறு, நாகப்பட்டினம் போன்ற ஊர்களின் கோயில்களிலிருந்து வந்த இவர்களைக் கல்வெட்டு ‘தளிச்சேரிப் பெண்டுகள்’ என்று குறிப்பிடுகிறது. தளி என்பது கோயில். தளிச்சேரி என்பது கோயிலைச் சார்ந்தோர் குடியிருந்த பகுதி. தெருவைச் ‘சிறகு’ எனப்படும் வரிசைகளாகப் பிரித்து, தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என எண்ணிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் உரியவரின் பெயரை ‘நக்கன்’ என்ற முன்னொட்டுடன் எழுதிச் செல்லும் அந்தப் பட்டியல், கலைவரலாற்றுக்கு மட்டுமன்றி நிருவாக வரலாற்றுக்கும் அரிய ஆவணமாகும். இப்பெண்கள் நாள்தோறும் ஆற்றிய பணி இன்னதென்று அக்கல்வெட்டு விரித்துரைக்கவில்லை. எனினும் ஆட்டம் பயிற்றுவிக்கும் நட்டுவரும், பாடுவோரும், இசைக்கருவி வாசிப்போரும் அதே பட்டியலில் தொடர்ந்து இடம்பெறுவதால், ஆடலும் பாடலும் அவர்தம் பணியுள் அடங்கும் என்று ஆய்வாளர் பலரும் கருதுவர்.

இவர்களுக்கு அளிக்கப்பட்ட ஊதியத்தின் அலகு ‘பங்கு’ எனப்பட்டது. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் வருவாயாக, ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்த 100 கலம் நெல். பெண்டுகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. நட்டுவருக்கு இரண்டு பங்கு. கணக்கர், தையற்காரர், தச்சர், கன்னார், நாவிதர், வண்ணார் முதலியோருக்கும் அதே அலகில் பங்கு வகுக்கப்பட்டிருப்பது கவனத்துக்குரியது. கலைஞரைத் தனித்த உயர்பிறவியாகவோ இரந்துண்ணும் புலவராகவோ கருதாமல், தச்சரைப் போலவே ஒரு நிறுவனத்தின் நிலையான பணியாளராகக் கருதிய பார்வை அதில் வெளிப்படுகிறது. இதே கோயிலின் வேறொரு கல்வெட்டு, தேவாரத் திருப்பதியம் பாடும் பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர் என ஐம்பதின்மருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குருணி நெல் கோயிற்பண்டாரத்திலிருந்து வழங்கக் கட்டளையிடுகிறது. பன்னிரண்டு குருணி ஒரு கலம் என்ற கணக்கில், ஆண்டை 360 நாளாகக் கொண்டால், இது 90 கலமாகும். தளிச்சேரிப் பெண்டுகளின் வருவாய் பாடகரின் வருவாயைவிடச் சற்று மிகுதி என்பது இதனால் புலனாகும். முக்குருணி என்பது 24 நாழி நெல். ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற அக்கால வழக்கப்படி குத்தினால் ஒன்பதரை நாழிக்கு மேல் அரிசி தேறும் என்பதால், உண்டதுபோக மிஞ்சியதைக் கொண்டு பிற தேவைகளையும் பார்த்துக்கொள்ள இயலும் அளவே இது.

நிகழ்த்திய ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசாமல் ஆண்டு முழுவதற்கும் வாழ்வாதாரம் வகுத்ததே இம்முறையின் சிறப்பு. அதைவிட நுட்பமானது, பங்குக்குரியவர் இறந்தாலோ வேற்றூர் சென்றுவிட்டாலோ என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது. அடுத்த உரிமையுடைய உறவினர் அக்காணியைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். உறவினரே இல்லையெனில், அதே பணியில் இருப்போர் கூடித் தகுதியுடையவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும். கலைஞரின் தகுதியை அதிகாரி தீர்மானிக்காமல் சக கலைஞரே தீர்மானித்தனர் என்னும் இவ்விதி, இன்றைய உதவித் திட்டங்கள் பலவற்றில் காணக் கிடைக்காதது.

நாடகத்துக்கும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. அரியலூர் மாவட்டத்துக் காமரசவல்லியில், மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் சாக்கைக் கூத்து ஆடுவதற்காகச் சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்பவருக்கு முதலாம் இராசேந்திரன் காலத்தில் ‘சாக்கைக்காணி’ என்னும் நிலம் அளிக்கப்பட்டது. தஞ்சையில் இராசராசேசுவர நாடகம் நடிப்பதற்காக, இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் சாந்திக்கூத்தன் ஒருவருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் வகுக்கப்பட்டது. நாயக்கர் ஆட்சியில் அச்சுதப்ப நாயக்கர் மெலட்டூரில் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றினார் என்று சொல்லப்படுவதும், அவ்வூர் பாகவத மேளம் என்னும் நாட்டிய நாடகத்தால் பெயர்பெற்றதும் இம்மரபின் தொடர்ச்சியே.

ஆயினும் இம்முறையைப் பொற்காலமாகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் நியாயமாகாது. நானூறு பெண்களும் தத்தம் ஊரைவிட்டு வந்தது அரசாணையால். அவர்களது விருப்பம் பற்றி ஒரு சொல்லும் கல்லில் இல்லை. வாழ்வூதியம் பணியோடும் பிறப்போடும் பிணைக்கப்பட்டிருந்ததால், பாதுகாப்பே தளையாகவும் ஆயிற்று. பிற்காலத்தில் தேவதாசி முறை எனப் பெயர்பெற்ற அமைப்பில் அத்தளை பெண்களின் உடல்மீதும் இறுகியது.

1855இல் தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி மறைந்தபின், அரச ஆதரவு அற்றதால், அரசவைக் கலைஞர் பலர் சென்னை முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். 1858இல் அமைந்த இனாம் ஆணையம், வரி நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட மானிய நிலங்களான இனாம்களின் உரிமையை ஆராய்ந்தபோது, கோயிற்பணிக்கு விடப்பட்டவை பணி நிபந்தனையோடு உறுதி செய்யப்பட்டன. அந்த நிபந்தனையைத் தேவதாசியர் பொருட்டு அகற்றியது, சென்னைச் சட்ட மேலவை உறுப்பினர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமாகும்: பணி செய்ய வேண்டிய கடமை போயிற்று, நிலம் அவர்களிடமே நின்றது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடப் பொட்டுக்கட்டும் வழக்கத்தையே 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 1963ஆம் ஆண்டுச் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் எஞ்சிய சிறு மானியங்களையும், அரசுக்கு நேரடியாக வரி செலுத்தும் ரயத்துவாரி நிலமாக்கியது. இவ்விடுதலை தவிர்க்கவியலாதது, வரவேற்கத்தக்கது. ஆனால் தளையை அறுத்தவர்கள், அதனோடு சேர்ந்து அறுந்த வாழ்வூதியத்துக்கு மாற்றாக வேறொன்றை வகுக்கவில்லை.

1955இல் தோன்றி இன்று தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமாக விளங்கும் அமைப்பின் வழியாக, நலிந்த நிலையிலுள்ள கலைஞருக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை அளித்து வருகிறது. அத்தொகை அண்மைக்காலத்தில் ரூ.3,000ஆக இருந்தது. தேவையான உதவிதான். ஆனால் இது கலைஞர் முதுமையாலும் வறுமையாலும் தளர்ந்தபின் வருவது. ரூபாயில் நிலைத்த தொகையாதலால் விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பும் தேய்கிறது. நெல்லாக அளந்த பங்குக்கு அத்தேய்வு இல்லை. அயர்லாந்து அரசு 2022இல் 2,000 கலைஞரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, வாரம் 325 யூரோ வீதம் மூன்றாண்டுகளுக்கு வழங்கத் தொடங்கிய அடிப்படை வருமானச் சோதனைத் திட்டம், பணி நிபந்தனையோ பிறப்பு நிபந்தனையோ இன்றி, தொழிலில் இருக்கும்போதே கலைஞரைத் தாங்க முயன்றது. தளிச்சேரியின் உறுதியும் 1929இன் விடுதலையும் ஒருங்கே அமைந்த இத்தகைய ஏற்பாடு தமிழ்நாட்டில் இதுவரை செய்யப்படவில்லை.