கூலிக் கணக்கில் எது சேரும்?

மலேசியாவின் பத்து காஜாவுக்கு வருகிறவர்கள் கெல்லீஸ் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 1926இல் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் லிஸ்பனில் இறந்ததும் அந்த மாளிகை பாதியில் நின்றுபோன கதையைப் பலரும் அறிவார்கள். சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களின் செக்ரோல் (வருகைப் பதிவேடு) கணக்கைத்தான் யாரும் கேட்பதில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, பேர் விழுந்தால் அன்றைய கூலி. மழை பெய்து மரம் வெட்ட முடியாமல் போனால் அதுவும் இல்லை. 1920களில் இந்திய அரசின் நெருக்குதலால் தொழிலாளியின் மாதச் செலவைக் கணக்கிட்டு ஒரு நிர்ணயக் கூலி வந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சில வட்டாரங்களுக்கு மட்டும் சட்டமான அந்த அளவை மற்றத் தோட்டங்களும் பின்பற்றின. ஆனால் 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அது 40 காசாகவும் 32 காசாகவும் இறங்கியது. அரிசி விலையும் இறங்கியதே என்று அன்று சொல்லப்பட்டது பொய்யல்ல. ஆனாலும் அந்தக் குறைப்பின் வேர் சந்தையில்தான் இருந்தது. லாபம் ஏறியபோது பங்கு கேட்க முடியாதவன், நஷ்டம் வந்தபோது அதைச் சுமக்க வேண்டியிருந்தது. என் பார்வையில் குறைந்தபட்சக் கூலியின் வரலாறு முழுவதும் தொகையைவிட இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது: சந்தையின் ஏற்ற இறக்கத்தை யார் தாங்குவது?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அங்கே பிறந்தவர்கள் அருகிலுள்ள ஈப்போவின் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் வேலைக்குப் போன பிறகு அதே கேள்வி வேறு உருவில் வந்தது. பெரிய ஹோட்டல்களில் பில்லோடு 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்க்கப்படும். அது புள்ளிக் கணக்கில் ஊழியர்களுக்குப் பிரியும். அடிப்படைச் சம்பளமோ சிறியது. 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் அமலானதும், சில ஹோட்டல்கள் இந்தச் சேவைக் கட்டணத்தையே அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்துக் கணக்கை நிரப்பப் பார்த்தன. பெட்டாலிங் ஜெயாவின் கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டலுக்கும் ஹோட்டல், பார், உணவகத் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையே எழுந்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2021இல் தீர்ப்பு தொழிலாளர் பக்கம் வந்தது. வாடிக்கையாளர் ஊழியருக்காகக் கொடுத்த பணம் ஹோட்டலின் சொத்தல்ல, அதைக் கொண்டு முதலாளி தன் கடமையைத் தீர்க்க முடியாது என்பது அதன் சாரம். இந்தக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழிவகுத்த 2011ஆம் ஆண்டுச் சட்டமும் குறைந்தபட்சச் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமே என்கிறது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே டிப்ஸ் வாங்கும் பரிமாறுநருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய கூட்டரசுக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான். மீதியை முதலில் விருந்தாளியின் டிப்ஸில் கணக்கிடுகிறார்கள்; அது போதாதபோது மட்டுமே முதலாளி ஈடுகட்ட வேண்டும்.

மொத்தமாகக் கையில் வருவது 900ஐத் தாண்டினால் எந்தப் பையிலிருந்து வந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வித்தியாசம் பெரிது. சேவைக் கட்டணத்துக்கு ஊழியர் சேமநிதிச் சந்தா கிடையாது. ஆகவே அடிப்படைச் சம்பளம் சிறுத்தால் முதுமைக்கான சேமிப்பும் சிறுக்கும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து அறைகள் காலியானபோது பிரித்துக்கொள்ளச் சேவைக் கட்டணமே இல்லை. 1930இல் ரப்பர் விலை தோட்டத்துக்குச் செய்ததைத்தான் அந்தக் காலி அறைகள் ஹோட்டல் ஊழியருக்குச் செய்தன. அடிப்படைச் சம்பளம் ஒன்றே அப்போது கால் ஊன்ற இடம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவருக்கு இது தாங்குமா என்பது இன்னொரு கேள்வி. அது நியாயமானது, ஏனென்றால் அங்கே சேவைக் கட்டணமும் இல்லை, லாபமும் மெல்லியது. அரசும் அதை உணர்ந்தே 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை 2025 பிப்ரவரியில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடங்களிலிருந்து தொடங்கி, ஐந்துக்கும் குறைவான ஊழியர்களை வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தது. ஆனால் அவகாசம் வேறு, விலக்கு வேறு. அந்தக் கடைகளில் இலை போட்டுப் பரிமாறுகிறவர்களில் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்களும் இருக்கிறார்கள். 1,700 ரிங்கிட் அவர்களுக்கும் பொருந்தும்.