கலாநிதிப் பட்டமும் வன்னி நிலமும்: கலைத்துறை ஆய்வு மரபுகள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்தில் ‘கலாநிதி’ எனவும் தமிழகத்தில் ‘முனைவர்’ எனவும் வழங்கும் பட்டம் ஒன்றே என்பது பொதுவான எண்ணம். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே பெயர் இருப்பது அவ்வெண்ணத்திற்கு வலுவூட்டுகின்றது. ஆயின் இப்பட்டத்தைப் பெறுவதற்கு எத்தனை ஆண்டு பயிலவேண்டும், எம்மொழியில் எழுதவேண்டும், யார் முன்னிலையில் முடிபுகளை நிலைநாட்டவேண்டும், எழுதியதை நூலாக்கவேண்டுமா என்னும் வினாக்களுக்கு நாடுதோறும் வேறுவேறு விடைகளே கிடைக்கின்றன. நிருவாக விதிகளாகத் தோன்றும் இவ்வேறுபாடுகளே, எத்தகைய அறிவு உருவாகின்றது, அது யாரைச் சென்றடைகின்றது என்பவற்றைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

இதனை வன்னியை நிலைக்களமாகக் கொண்டு நோக்குவது பயனுடைத்து. வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் பெருவீதியில் அமைந்த பூவரசங்குளம், மரத்தின் பெயரையும் குளத்தின் பெயரையும் ஒருங்கே தாங்கிய வன்னிக் கிராமங்களுள் ஒன்று. இத்தகைய ஊர்கள் அமைந்த நிலப்பரப்பின் பழைமையை அறிய விரும்புவோர் நாடவேண்டிய அடிப்படை ஆய்வுகளுட் பல, இலண்டனிலும் பூனாவிலும் சமர்ப்பிக்கப்பட்ட கலாநிதிப் பட்ட ஆய்வேடுகளாகும். அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று, அதனை மாற்றும் வழி யாது என்பனவே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாக்கள்.

1. பட்டத்திற்கு முந்திய புலமை

பல்கலைக்கழகங்கள் தோன்றுமுன் தமிழிற் புலமையை மதிப்பிடும் முறை இருக்கவில்லை எனக் கருதுவது தவறாகும். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என அதன் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. இச்செய்தியின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், நூலொன்று அறிஞர் அவையில் வெளிப்படையாகத் தடைவிடைகளுக்கு உட்பட்ட பின்னரே ஏற்கத்தக்கது என்னும் கொள்கை அங்குத் தெளிவாக இருக்கின்றது. அரங்கேற்றம் என்னும் இம்மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நிலவியது.

1857 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டிலேயே அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும், யாழ்ப்பாணத்தவர். பழைய கல்வி மரபும் தன் வழியிற் சென்றது. 1901 இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கமும், 1921 இல் யாழ்ப்பாணத்தில் நிறுவப்பெற்ற ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கமும் பண்டிதர்களை உருவாக்கின. இவ்விரு மரபுகளும் சந்தித்த இடங்கள் மிகச் சிலவே. சங்க நூல்களைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கௌரவ இலக்கியக் கலாநிதிப் பட்டத்தை 1932 இலேயே பெற்றார். வாழ்நாள் முழுவதும் ஆய்வு செய்த ஒருவர், ஆய்வுக்கான பட்டத்தை முதுமையிற் கௌரவமாகவே பெறநேர்ந்தமை இருமரபுகளுக்குமிடையே நின்ற சுவரைக் காட்டுகின்றது.

2. மேலைநாடுகளில் ஒரு பட்டமும் பல வழிகளும்

இன்று நாமறிந்த ஆய்வுப் பட்டத்தின் தாயகம் ஜேர்மனி. 1810 இல் நிறுவப்பெற்ற பேர்லின் பல்கலைக்கழகமும் அதனைப் பின்பற்றியவையும் புதிய உண்மையைக் கண்டறிதலே கலாநிதியின் இலக்கணம் என வகுத்தன. ஜேர்மன் முறையில் இரண்டு கூறுகள் சிறப்பாகக் குறிக்கத்தக்கன. ஆய்வேடு வெளியிடப்படல் வேண்டும் என்பது ஒன்று. கலாநிதிப் பட்டத்தின் பின்னர், பல்கலைக்கழகத்திற் கற்பிக்கும் உரிமைக்கு இரண்டாவது பேராய்வு ஒன்று வேண்டும் என்பது மற்றொன்று.

பிரான்ஸ் இதனினும் கடுமையான வழியை மேற்கொண்டது. கலைத்துறையில் அரச கலாநிதிப் பட்டம் பெறுவோர் நெடுங்காலம் ஒன்றன்று, இரண்டு ஆய்வேடுகள் எழுதினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அவற்றுளொன்று இலத்தீனில் அமைய வேண்டியிருந்தது. பத்து, பதினைந்து ஆண்டுகளை விழுங்கிய இப்பட்டம் 1984 இன் சீர்திருத்தத்தோடு மறைந்து, ஒற்றைக் கலாநிதிப் பட்டத்திற்கு இடமளித்தது.

ஐக்கிய அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861 இல் முதன்முதலாக இப்பட்டத்தை வழங்கியது. அங்கு மாணவர் முதலிற் சில ஆண்டுகள் வகுப்புகளிற் பயின்று, அயல்மொழித் தேர்விலும் துறைசார்ந்த பொதுத் தேர்விலும் தேறிய பின்னரே ஆய்வேட்டைத் தொடங்குவது வழக்கம். சோவியத் ஒன்றியத்தில் 1934 முதல் ‘கன்டிடாட்’ எனவும் ‘டொக்டர்’ எனவும் இரு படிகள் நிலவின. பிறநாடுகளின் கலாநிதிக்கு ஒப்பாக முதற்படியையே கொள்வது பெருவழக்கு.

சுவீடனிலும் நெதர்லாந்திலும் ஆய்வேடு அச்சிடப்பட்டுப் பலர்க்கும் கிடைக்கும்படி செய்யப்படுகின்றது. அதன் பின்னர் பொதுமக்களும் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் விவாதம் நிகழ்கின்றது. சுவீடனில் இதற்கென வெளியிலிருந்து ‘எதிர்வாதி’ ஒருவர் நியமிக்கப்படுகின்றார். அரங்கேற்றத்தை அறிந்த தமிழருக்கு இக்காட்சி அந்நியமானதன்று.

இங்கிலாந்து இப்பட்டத்தை ஏற்றது மிகப் பிந்தியே. முதலாம் உலகப் போர்க்காலத்தில், ஜேர்மனியை நாடிய மாணவரைத் தம்பால் ஈர்க்கும் நோக்கமும் கொண்டு, 1917 இல் ஒக்ஸ்போர்ட் இதனை ஏற்படுத்தியது. ஏனையவை சில ஆண்டுகளுள் பின்தொடர்ந்தன. ஆங்கில முறை சிக்கனமானது: வகுப்புகள் இல்லை, மேற்பார்வையாளர் ஒருவர், ஆய்வேடு ஒன்று, இரு தேர்வாளர்முன் பெரும்பாலும் மூடிய அறையில் வாய்மொழித் தேர்வு. அச்சிடும் கடப்பாடும் இல்லை. எமக்கு வாய்த்தது இம்முறையே.

3. ஈழத்தமிழ் ஆய்வாளர் சென்ற வழிகள்

1921 இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகிய பின்னரும் உயராய்வுக்கு இலண்டனை நாடும் வழக்கம் நீடித்தது. க. கணபதிப்பிள்ளை 1930களின் நடுப்பகுதியில் ஏழாம், எட்டாம் நூற்றாண்டுச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்து அங்குப் பட்டம் பெற்றார். பத்துப்பாட்டை வரலாற்று, சமூக, மொழியியல் நோக்கில் ஆராய்ந்த சு. வித்தியானந்தன் 1950 இற் கலாநிதியானார். ஆ. சதாசிவமும், பின்னர் ஆ. வேலுப்பிள்ளையும் ஒக்ஸ்போர்ட் சென்றனர்.

பல்வேறு மரபுகளும் ஒருவரிடத்தே கூடியமைக்குத் தனிநாயக அடிகள் சிறந்த எடுத்துக்காட்டு. உரோமாபுரியில் இறையியற் கலாநிதிப் பட்டமும், அண்ணாமலையில் தமிழிலக்கிய முதுநிலை ஆய்வுப் பட்டமும், இலண்டனிற் கல்வியியற் கலாநிதிப் பட்டமும் பெற்றவர் அவர். தமிழாய்வை உலக அரங்கிற்குக் கொண்டுசென்ற அவர்தம் பணிக்கும் இப்பன்முகப் பயிற்சிக்கும் தொடர்புண்டு எனலாம்.

ஆங்கில முறையின் சிறப்பும் குறையும் கைலாசபதி, சிவத்தம்பி ஆகிய இருவர்தம் ஆய்வுகளிற் புலனாகின்றன. பேர்மிங்ஹாமில் இருவரையும் வழிநடத்திய ஜோர்ஜ் தொம்சன் கிரேக்கப் பேராசிரியர், தமிழறிஞர் அல்லர். வகுப்புகளும் துறைத் தேர்வுகளும் வேலியிடாத அம்முறையிலேயே கிரேக்க வீரகாவியத்தோடு சங்கப் பாடல்களையும், கிரேக்க நாடகத்தின் சமூகத் தோற்றத்தோடு பண்டைத் தமிழ் நாடகத்தையும் ஒப்புநோக்க இடமிருந்தது. 1966 இலும் 1970 இலும் முறையே நிறைவுற்ற இவ்வாய்வுகள் தமிழிலக்கிய வரலாற்றைச் சமூக வரலாறாகக் காணும் நோக்கினை வலுப்படுத்தின. ஆயின் 1968 இலும் 1981 இலும் ஆங்கில நூல்களாக வெளிவந்த இவை தமிழ் வாசகரைத் தமிழில் அடையப் பல தசாப்தங்கள் சென்றன.

அமெரிக்க மரபிற்கு, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1954 இற் கலாநிதியாகிப் பின்னர் உலகப் புகழ்பெற்ற மானிடவியலாளரான ஸ்ரான்லி ஜெயராஜ தம்பையாவைச் சான்றாகக் காட்டலாம். இந்தியாவிற்குச் சென்றோரும் உளர். சு. சுசீந்திரராஜா ஈழத்துத் தமிழின் அமைப்பை ஆராய்ந்து 1967 இல் அண்ணாமலையில் பட்டம் பெற்றார். சி. க. சிற்றம்பலம் இலங்கையின் பெருங்கற்காலப் பண்பாட்டை ஆராய்ந்து 1980 இற் பூனாவிற் பட்டம் பெற்றார். பேச்சுமொழியும் புதைகுழியும் ஆய்வுப் பொருள்களாகியமைக்கு இந்திய மொழியியல், தொல்லியல் துறைகளின் வளர்ச்சி துணைநின்றது.

4. ஆய்வேடும் அதன் மொழியும்

தமிழைப் பற்றிய ஆய்வு தமிழில் எழுதப்படாமை ஈழத்திற்கு மட்டும் உரிய நிலையன்று. மு. வரதராசனார் 1948 இற் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குச் சமர்ப்பித்த ஆய்வேடும் ஆங்கிலத்திலேயே அமைந்தது. தமிழகத்தில் அந்நிலை பின்னர் மாறிற்று. ஈழத்தில் 1960 அளவில் கலைத்துறைப் பட்டப்படிப்பு தாய்மொழிக்கு மாறியபோதும் உயராய்வு நெடுங்காலம் ஆங்கிலத்தையே சார்ந்து நின்றது. இதனால் விளைந்த இடைவெளியை அறிஞர் சிலர் தம் சொந்த முயற்சியால் நிரப்பினர். வித்தியானந்தனின் ‘தமிழர் சால்பு’ (1954), பத்மநாதனின் ‘வன்னியர்’ (1970), வேலுப்பிள்ளையின் ‘சாசனமும் தமிழும்’ (1971) ஆகியவை அவ்வகையின. பட்டத்தின் விதி இவற்றை எழுதுமாறு கேட்கவில்லை. எழுதியோரின் சமூக உணர்வே எழுதுவித்தது.

அச்சேறாத ஆய்வேட்டின் நிலைக்குக் கா. இந்திரபாலாவின் ஆய்வு தக்க சான்று. ஈழத்திற் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தோற்றத்தையும் பற்றி 1965 இல் அவர் இலண்டனிற் சமர்ப்பித்த ஆய்வேடு நூலாக வெளிவரவில்லை. ஆயினும் அதன் முடிபுகள் மேற்கோள்களாகப் பரவி, இனமுரண்பாட்டின் நடுவே அரசியல் வாதங்களுக்கும் பயன்பட்டன. முழு ஆய்வேட்டையும் படித்தவர் சிலர். அதன்மீது முடிபு கூறியவர் பலர். நாற்பதாண்டுகளின் பின், 2005 இல், இலங்கைத் தமிழரின் இனத்துவ உருவாக்கம் பற்றி அவர் வெளியிட்ட நூலிற் பழைய கருத்துகள் பலவற்றைத் திருத்தினார். மறு ஆண்டே அது தமிழிலும் வந்தது. முதலாய்வு அப்போதே இருமொழியிலும் வெளிவந்து பொதுவில் விவாதிக்கப்பட்டிருப்பின், திருத்தத்திற்கு இத்துணைக் காலம் வேண்டியிருக்குமா என்று கேட்பது நியாயமே.

படிகளின் அருமை மற்றோர் ஆபத்தையும் உடையது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஓரிரு படிகளாக மட்டும் வாழும் அறிவு எத்துணை எளிதில் மடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. இந்தியாவில் 2009 ஆம் ஆண்டின் விதிகள் வகுப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியதோடு, ஆய்வேடுகள் மின்வடிவிற் பொதுவில் வைக்கப்படவும் வழிசெய்தன. அவற்றுட் பலவற்றை இன்று ‘ஷோத்கங்கா’ களஞ்சியத்தில் எவரும் படிக்கலாம்.

5. வன்னியில் இருந்து நோக்குமிடத்து

வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திலுள்ள பிராமிச் சாசனங்கள் விசாகன் என்னும் தமிழ வணிகனைக் குறிப்பிடுகின்றன. அவற்றை ஆராயப் புகுபவர்க்குப் பிராகிருதமும் எழுத்தியலும் தொல்லியலும் தமிழும் சிங்களமும் வேண்டும். மேற்பார்வையாளர் ஒருவரை மட்டும் நம்பிய ஆங்கில முறை இத்தகைய பயிற்சியைத் தரவல்லதன்று. மொழித் தேர்வும் வகுப்புப் பயிற்சியும் கொண்ட அமெரிக்க முறையே இதற்கு ஏற்றது.

1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக அமைந்த வவுனியா நிறுவனம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பூவரசங்குளம் செல்லும் அதே மன்னார் வீதியில், பம்பைமடுவில் அது அமைந்துள்ளது. பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கை, தொழினுட்பக் கற்கை என்னும் மூன்று பீடங்களோடு அது தொடங்கியது. கலைப்பீடம் அவற்றுள் இடம்பெறவில்லை. போரால் இடம்பெயர்ந்து மீண்ட மக்களின் வாய்மொழி வரலாறும், குளங்களின் பெயர்களும், வன்னிமைகளின் எச்சங்களும் ஆய்வை வேண்டிநிற்கும் நிலத்தில் இக்குறை சிறிதன்று. முதியோர் மறையுந்தோறும் மூலாதாரங்களும் மறைகின்றன.

இலங்கையின் தகைமைச் சட்டகம் கலாநிதிப் பட்டத்தைப் பன்னிரண்டாம் நிலையாகிய உச்சியில் வைத்துள்ளது. பட்டத்தின் உயரத்தை அது வரையறுக்கின்றது. மக்களோடு அதற்குரிய உறவைப் பல்கலைக்கழகங்களே வகுத்தல் வேண்டும். ஆங்கில முறையின் சுதந்திரத்தை இழக்காது, அமெரிக்காவின் முறையான பயிற்சியையும் ஜேர்மனியின் வெளியீட்டுக் கடப்பாட்டையும் சுவீடனின் பொது விவாதத்தையும் நாம் ஏற்கலாம். எம்மொழியில் ஆய்வேடு அமையினும் அதன் சாரம் தமிழில் நூலுருப் பெறவேண்டும் என்னும் விதியையும் சேர்க்கலாம்.

வன்னியின் ஊரொன்றைப் பற்றிய ஆய்வு, அவ்வூர் மக்களும் வந்தமர்ந்து வினாவக்கூடிய மண்டபத்தில், அவர்கள் மொழியில் விவாதிக்கப்படல் வேண்டும். அதன் பின்னரே அதற்குப் பட்டம் வழங்குவது தகும். இது மேலைநாட்டிலிருந்து இரவல் பெறும் புதுமை எனக் கருதவேண்டியதில்லை. அதங்கோட்டாசான் முன்னிலையில் நூல் அரங்கேறியதாகப் போற்றிய ஒரு மரபு, தன் பழைய கொள்கையைப் புதிய நிறுவனத்தில் மீட்டெடுப்பதே ஆகும்.