மருதையாற்றுப் பாலக் குண்டுவெடிப்பு

மருதையாற்றுப் பாலக் குண்டுவெடிப்பு என்பது 1987 மார்ச் 15 அன்று, விழுப்புரம்–திருச்சி கார்டு ரயில் பாதையில் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்த நிகழ்வாகும். 20-க்கும் மேற்பட்ட பயணிகள் இறந்தனர். இதை நடத்தியது தமிழ்நாடு விடுதலைப் படை. அச்சுறுத்தலை அரசு எப்படி மதிப்பிடுகிறது, எப்போது மறுமதிப்பீடு செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே கிடைக்கும் தெளிவான சான்று இது.

பின்னணி

விருத்தாசலத்தைத் தாண்டித் தெற்கே போனால் இதே பாதையில் பெண்ணாடம் வரும். அதன் அருகிலுள்ள சௌந்தரசோழபுரத்தைச் சேர்ந்தவர் புலவர் கலியபெருமாள். நக்சல்பாரி எழுச்சியின் தாக்கத்தில் இயங்கிய அவர், கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1983-ல் வெளிவந்தார். கரும்புக் கொல்லைகளில் கூலிக்காகவும் நிலத்துக்காகவும் எழுந்த கேள்விகள்தான் இந்த வட்டாரத்தில் ஆயுதப் பாதைக்கு ஆள் சேர்த்தன. அவரது வழியில் வந்த தமிழரசன், பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர். 1983-க்குப் பின் ஈழப் போரின் வெப்பமும் சேர, வர்க்கப் போராட்டம் அவர் தலைமையில் தமிழ்நாடு விடுதலைப் படை என்ற தமிழ்த் தேசிய ஆயுதக் குழுவாக உருமாறியது.

பாலத் தகர்ப்பில் மடிந்தவர்கள் ஆட்சியாளர்கள் அல்லர். சீட்டு வாங்கி வண்டியேறிய சாதாரண மக்கள். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளை முயற்சியின்போது தமிழரசனும் தோழர்களும் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டனர்.

சட்டத்தின் போக்கு

இத்தகைய தாக்குதல்களுக்கு எதிராக 1985-ல் வந்த பயங்கரவாத மற்றும் சீர்குலைவு நடவடிக்கைகள் (தடுப்பு) சட்டம், அதாவது தடா, ஈராண்டுக் கெடு கொண்டது. கெடு நீட்டிக்கப்பட்டு வந்து, 1995-ல் காலாவதியானது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு தடாவின் கீழ் நடந்தது. தடா குற்றங்கள் நிரூபிக்கப்படவில்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் தடாவின்படி போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலங்களை ஏற்றுக்கொண்டது. சட்டத்தின் குற்றப்பிரிவு விழுந்த பிறகும் அதன் சாட்சிமுறை உயிரோடு இருந்தது.

2000 ஜூலை 30-ல் கன்னட நடிகர் ராஜ்குமாரைச் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் கடத்தியபோது தமிழ்நாடு விடுதலைப் படையினரும் உடனிருந்தனர். தடா கைதிகளை விடுவிக்க வேண்டும் என்பது கோரிக்கைகளுள் ஒன்று. தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய இரு மாநில அரசுகளும் இறங்கி வந்தன. விடுதலையை உச்ச நீதிமன்றம் தடுத்தது. இரண்டாண்டு கழித்து, 2002 ஜூலையில், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவின் தடைப் பட்டியலில் தமிழ்நாடு விடுதலைப் படை சேர்க்கப்பட்டது. 2004-ல் பொடா நீக்கப்பட்டபோது அந்தப் பட்டியல் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறியது.

இரு தடைகள், இரு விதிகள்

சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் தடைக்கு இரண்டு வழிகள் உண்டு. ‘சட்டவிரோதச் சங்கம்’ என அறிவித்தால், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைக் கொண்ட தீர்ப்பாயம் அதை ஆராய வேண்டும். கெடு முடிந்தால் மறுபடி ஆராய வேண்டும். 1992 மே 14-ல் தடை செய்யப்பட்ட விடுதலைப் புலிகள் விஷயத்தில் இது நடக்கிறது. முன்பு ஈராண்டாக இருந்த கெடு 2013 முதல் ஐந்தாண்டானது. 2024-ல் தடை மீண்டும் நீட்டிக்கப்பட்டது. ‘பயங்கரவாத அமைப்பு’ என அட்டவணையில் ஏற்றினாலோ கெடுவே இல்லை. நீக்கக் கோரி அந்த அமைப்போ பாதிக்கப்பட்டவரோ விண்ணப்பித்தாலோ, மத்திய அரசே முன்வந்தாலோதான் மறுபரிசீலனை. தமிழ்நாடு விடுதலைப் படையின் பெயர் இந்த அட்டவணையில் உள்ளது.

மதிப்பீடு

மருதையாற்றில் மடிந்தவர்களுக்கு நாடு பட்ட கடன், அப்படியொன்று மறுபடி நிகழாமல் பார்ப்பது. அதற்குக் காவல் வேண்டும், கடுமையான சட்டமும் சில வேளை வேண்டும். ஆனால் 1998 கோவைத் தொடர் குண்டுவெடிப்பு தமிழ்த் தேசிய ஆயுதக் குழுக்களோடு தொடர்பில்லாத வேறொரு திசையிலிருந்து வந்தது. பழைய பெயர்ப் பட்டியல் புதிய ஆபத்தைக் காட்டிக் கொடுக்காது. இதே ரயில் பாதையில், தண்டவாளத்தைச் சோதிக்கும் ஊழியரான கீமேன் சுத்தியோடு தினமும் நடக்கிறார். நேற்றுத் தட்டிப் பார்த்த இணைப்பை இன்றும் தட்டிப் பார்க்கிறார். பாதுகாப்புக் கொள்கைக்கும் அந்த நடை வேண்டும்: எல்லாத் தடைக்கும் ஒரு கெடு, ஒவ்வொரு கெடுவிலும் ஆதாரத்தைப் புதிதாகத் தட்டிப் பார்க்க ஒரு நீதிபதி.