விபூதிப் புதனும் நோன்புப் பிறையும்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் இரு நோன்புகள் அடுத்தடுத்துத் தொடங்கின. சம்மாந்துறையில் ரமழான் பிறை கண்ட சில நாட்களுக்குள், கல்முனைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு விபூதிப் புதன் வந்தது. நாற்பது நாள் தபசுகாலத்தின் வாயில் அது. இடையே கிடப்பது ஒரு வயல்வெளியும் காரைதீவுச் சந்தியுமே. ஆயினும் இக்கரையின் நோன்பை அக்கரை மாணவன் அறிவானா என்ற வினா, ஆசிரியர்களாகிய நம்மை உறுத்துகிறது.

சொற்களைப் பார்த்தால் நெருக்கம் வெளிப்படை. சாம்பல் பூசும் அந்நாளுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பெயரில் ‘விபூதி’ சைவரின் சொல். நாளுக்கு ஒருவேளை உண்டு நோற்பதை அவர்கள் ‘ஒருசந்தி’ என்றனர். அதுவும் இந்துக்களின் விரத வழக்கே. நோன்பு என்னும் பழந்தமிழ்ச் சொல்லையோ முஸ்லிம்கள் தமதாகவே வைத்திருக்கிறார்கள். 1705இல் கோவையிலிருந்தன்று, கோவாவிலிருந்து இலங்கை வந்த யாகோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ கிறிஸ்துவின் பாடுகளைப் புலம்பலாகச் சொல்லும் நூல். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம் அது. அரசுக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த எளிய மக்களின் தபசுகாலத்துக்கு இத்தகைய தமிழே துணைநின்றது.

ஐரோப்பாவில் இக்காலம் குளிர் முடிந்து களஞ்சியம் வற்றும் பருவம். உண்ணாமையை இயற்கையே பாதி விதித்துவிடும். நம் கீழ்க்கரையிலோ மாசி, பங்குனி வேளாண்மை வெட்டும் காலம். களத்தில் சூடு மிதிக்கையில், போடியாரின் வீடு நெல்லால் நிறைகையில், நோன்பு வந்து நிற்கிறது. ஆண்டு முழுவதும் அரைவயிற்றோடு கிடந்து, கூலிநெல் கண்ட சில வாரங்களிலேனும் வயிறார உண்ண எண்ணியவனிடம் ‘உண்ணாதே’ என்பதன் பொருள் வேறு. வேதம் போதிக்க வந்தோர் இதை எவ்வளவு எண்ணிப் பார்த்தனரோ!

பள்ளிப் பிள்ளைகளிடம் திருச்சபை கேட்டது குறைவே. 1917ஆம் ஆண்டுச் சட்டப்படி, புலால் தவிர்க்கும் சுத்தபோசனம் 7 வயது நிறைந்தோருக்கு. ஒருசந்தியோ 21 நிறைந்தோருக்கே. 1966 பெப்ரவரியில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் ஒருசந்திக் கடமையை விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்னும் இரு நாட்களாகச் சுருக்கினார். வயிற்றின் நோன்பு குறைந்தது. ஈகையும் செபமும் அழுத்தம் பெற்றன. அதே 1966இல் இலங்கை அரசு ஞாயிறு விடுமுறையை நீக்கிப் போயா நாட்களை வார விடுமுறையாக்கிற்று. 1971இல் ஞாயிறு மீளும்வரை, தபசுகால ஞாயிறுகள் கிறிஸ்தவ மாணவனுக்குப் பள்ளி நாட்களாகவும் அமைந்தன. பெரும்பான்மையின் நாட்காட்டி சிறுபான்மையின் நாளைத் தின்ற கதை அது.

ஆயின் மிஷன் பள்ளிகளை நாம் போற்றிப் பாட வரவில்லை. ஏகாதிபத்தியத்தின் நிழலில் வளர்ந்து, கல்வியைக் காட்டி மதம் மாற்றிய குற்றச்சாட்டுக்கு அவை ஆளாயின. அக்குற்றச்சாட்டில் உண்மையும் உண்டு. இருப்பினும் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவரே. பிறர் வழிபாடு நடக்கும் மண்டபத்தருகே அமர்ந்து படித்த அத்தலைமுறைக்கு மாற்றுச் சமயம் புத்தகச் செய்தியாக இருக்கவில்லை.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பள்ளிகளை அரசின்கீழ்க் கொணர்ந்தன. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் புகுந்து அமர்ந்து மறித்தனர். இடதுசாரிக் கட்சிகள் அரசை ஆதரித்தன. அந்த ஆதரவு சரியே என்பது இன்றும் நம் துணிபு. பிழை அதற்குப் பின்னே நேர்ந்தது. கட்டடங்கள் பொதுவாயின, வகுப்பறைகள் பொதுவாகவில்லை. சிங்களப் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்ற வேலிகள் எழுந்தன. ரமழானில் முஸ்லிம் பாடசாலைகள் மூடப்பட, தமிழ்ப் பாடசாலைகள் நடக்கின்றன. விடுமுறையில்கூட நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் காண்பதில்லை! பொதுக்கல்வி கேட்ட நம் முன்னோர் இதையா கேட்டனர்? இவ்வேலிகளை எதிர்க்க நமது இயக்கம் காட்டிய ஊக்கம், பள்ளிகளைக் கைப்பற்றக் காட்டிய ஊக்கத்தில் கால்பங்குகூட இல்லை.

2019 ஏப்பிரல் 21ஆம் நாள், தபசுகாலம் முடிந்த உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. சீயோனில் மாண்டவருட் பலர் சிறுவர். 26ஆம் நாள் இரவு சாய்ந்தமருதில், படையினர் சூழ்ந்த வீடொன்றில் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். அங்கும் குழந்தைகள் மாண்டனர். பள்ளிப் பிரிவினையே இக்கொலைகளுக்குக் காரணம் என நாம் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் முதல் கல்முனைப் பாதையில் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்த அயலவர், ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர் அல்லர். அடுத்த ஞாயிற்றுப் பூசையைக் கத்தோலிக்கர் தொலைக்காட்சியில் கண்டனர். மே முதல் வாரம் கழிந்ததும் ரமழான் பிறந்தது. சம்மாந்துறை அவ்வாண்டு அச்சத்தோடே நோன்பு பிடித்தது.