பழைய நாற்காலி சொல்லும் வரலாறு



என் வீட்டுக் கூடத்தில் ஒரு தேக்கு நாற்காலி உண்டு. பள்ளி ஒன்றில் கழித்துவிட்ட சாமான்களை ஏலம் விட்டபோது நான் வாங்கியது அது. இருக்கையின் பிரம்பு அறுந்திருந்தது. கால்களோ உறுதியாய் நின்றன. பிரம்பைப் புதிதாய்ப் பின்னச் செய்தேன். வருவோர் அனைவரும் அதில் அமரவே விரும்புகின்றனர். பல கைகள் பட்டு வழவழப்பேறிய அதன் அழகு, புது நாற்காலிக்கு வாய்ப்பதன்று. இத்தகைய பழைய இருக்கைகளின் அருமையை நாடே மறந்திருந்த வரலாறு ஒன்றை இன்று காண்போம்.

1947-ஆம் ஆண்டில் பஞ்சாப் பிரிக்கப்பட்டபோது, அதன் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பகுதிக்கெனச் சண்டிகர் என்னும் புது நகரம் எழுந்தது. அதனை வகுக்கும் பொறுப்பை 1951-இல் ஏற்றவர் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே. அவருடைய உறவினர் பியர் ஜான்னரே, 1965 வரை அங்கேயே தங்கிப் பணிபுரிந்தார்.

அலுவலகங்களுக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆயிரக்கணக்கான இருக்கைகள் தேவைப்பட்டன. ஜான்னரேயும் உடனுழைத்தோரும் தேக்கையும் பிரம்பையும் தேர்ந்தனர். உள்ளூர்த் தச்சர்கள் செய்து கொடுத்தனர். கவராயத்தை விரித்து நிறுத்தினாற்போன்ற கால்கள் அவற்றுள் பலவற்றின் அடையாளம். எளிமை, உறுதி, சிக்கனம் ஆகிய மூன்றும் அவற்றில் ஒருங்கே அமைந்தன.

ஆண்டுகள் கடந்தன. புதுவகை நாற்காலிகள் வந்து சேர, பழையவை மொட்டை மாடிகளில் குவிந்தன. உடைசல் என்று கருதி அவற்றை அற்ப விலைக்கு ஏலமிட்டனர். அயல்நாட்டு வணிகர்கள் அவற்றை வாங்கிச் சென்று செப்பனிட்டனர். பின்னர் ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் அவை இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோயின! அவற்றை விற்கலாகாது, காக்கவேண்டும் என்று இந்திய அரசின் உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது 2011-இல்தான். அதற்குள் கடல் கடந்தவை பல.

வாங்கியவர்களை மட்டும் குறைகூறிப் பயன் என்ன? மாடியில் கிடந்ததும் அதே நாற்காலி. ஏல மேடையில் ஏறியதும் அதே நாற்காலி. பார்த்த கண்கள்தாம் வேறு.

இதனை அறிந்த அன்று, என் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் மங்கிய வெள்ளை எழுத்தில் ஓர் எண் இருந்தது. செய்த தச்சர் யார், அமர்ந்த ஆசிரியர்கள் யாவர் என்று ஏலத்தன்று நான் கேட்கவில்லை. இன்று சொல்வதற்கு எவருமில்லை.

நாளை நீங்கள் இல்லறம் அமைக்கும்போது பழைய இருக்கை என்று இகழாதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள், மரத்தையும் பொருத்துகளையும் சோதியுங்கள். அதன் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள். பிரம்பை மீண்டும் பின்னலாம்; மறந்த வரலாற்றைப் பின்னுவது அரிது.