ஒரே மடிக்கணினி, இரண்டு வாசல்கள்



விண்டோஸா, லினக்ஸா, ஆப்பிளா, எது உயர்ந்தது என்று நம் மாணவர் குழுவில் அடிக்கடி வாக்குவாதம் வருகிறது. அதற்காகக் கொஞ்சம் வரலாறு எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்க.

கணினியை எழுப்பி, நாம் சொல்வதை அதற்குப் புரியவைத்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினார்கள். 1984-ல் ஆப்பிளின் மெக்கின்டோஷ் வந்தது. படத்தைப் பார்த்து, மவுஸால் தொட்டு வேலை செய்யும் முறையை அதுதான் பரவலாக்கியது. புத்தகப் பக்க வடிவமைப்பில் நல்ல பெயர் வாங்கியதும் அதுவே. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் வந்து, காலப்போக்கில் ஊரெல்லாம் பரவியது. 1991-ல் பின்லாந்தின் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸைத் தொடங்கினார். அதை யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

இந்தக் கதை நம் பிள்ளைகளிடம் எப்படி வந்தது தெரியுமா? 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் வந்த கணினிகளில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்றால் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது. கணினியை இயக்கியதும் எது வேண்டும் என்று கேட்கும். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்.

ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் அந்த இரண்டாவது வாசலைத் திறக்கவே இல்லை. சிலர் கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டு, மிச்சமான இடத்தில் சினிமாப் படம் நிரப்பிக்கொண்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அது எதற்கு என்று உட்கார வைத்துச் சொல்ல ஆள் இல்லை.

வாளையார் தாண்டினால் கேரளம். அங்கே 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பிறகு பாடத்திலும் தேர்விலும் சேர்த்தார்கள். இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுத்தது நம் திட்டத்தின் தாராளம். ஒன்றையே எடுத்து முழுதாகக் கற்றுக்கொடுத்தது அவர்களின் பலம்.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. முன்பெல்லாம் ஒரு கடையில் அடித்த தமிழ் இன்னொரு கடையில் கட்டம் கட்டமாகத் தெரியும். விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவும், பிறகு ஆப்பிளில் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவும் சேர்ந்தன. 2010 ஜூனில் நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதையொட்டி யூனிகோடை அரசின் தரமாக ஏற்று ஆணை வந்தது. இன்று எந்த இயங்குதளத்தில் எழுதினாலும் தமிழ் தமிழாகவே போய்ச் சேர்கிறது.

ஆக எது உயர்ந்தது? திறந்த கிணற்றுக்கு மோனோபிளாக், போர்வெல்லுக்கு சப்மெர்சிபிள். நம் ஊர் மோட்டார் கடைக்காரரிடம் எது உசத்தி என்று கேட்டால், "தண்ணி எத்தனை அடியிலீங்க?" என்றுதான் திருப்பிக் கேட்பார். திருப்பூர் பனியன் கம்பெனியில் டேலி கணக்கு எழுத விண்டோஸ் வேண்டும். அச்சு, படத்தொகுப்பு வேலைக்கு ஆப்பிள் சுகம். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் லினக்ஸ்தான். வேண்டாம் என்று அழித்ததையே தினமும் பையில் போட்டுக்கொண்டு போகிறோம்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டது. பழைய மடிக்கணினி பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீங்க. அதிலிருக்கும் படங்களையும் கோப்புகளையும் முதலில் பத்திரப்படுத்திவிட்டு, இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்க. கணினி வேலையில் இருக்கும் என் மாணவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றுக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லிக் கொடுங்க. அன்று சொல்ல ஆள் இல்லை. இன்று நீங்க இருக்கீங்க.

எல்லோரும் நலமாக இருங்க.