மணல்வெளியில் ஒரு மேற்றிராசனம்

ஆலய கோபுரங்களின் உயரத்தையும் ஞானஸ்நானப் பதிவேடுகளின் கனத்தையும் கொண்டே ஒரு மேற்றிராசனத்தின் சரித்திரத்தை மதிப்பிட்டுப் பழகியவர்களுக்கு, அல்ஜீரியாவின் சஹாரா பிரதேசத்தில் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமாக, நமது பாரத தேசத்தின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக விரிந்தும், விசுவாசிகள் மிகச் சிலரையே உடைய லகுவாத் மேற்றிராசனம் விளங்காத புதிராகவே தோன்றும்.

1868ஆம் ஆண்டில் சஹாரா, சூடான் பிரதேசங்களின் ஞானப் பொறுப்பு அல்ஜியர்ஸ் அதிமேற்றிராணியார் லவிஜெரியிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் ஸ்தாபித்த 'வெள்ளைப் பிதாக்கள்' சபையார், ஜனங்களின் உடையையே உடுத்தி, அவர்கள் உண்பதையே உண்டு, அவர்கள் பாஷையையே பேச வேண்டுமென்பது அவர் வகுத்த நியமம். எனினும் அவருடைய நாட்டம் பாலைவனத்துக்கு அப்பால் இருந்தது. திம்புக்துவை நோக்கிப் புறப்பட்ட மூன்று குருக்கள் 1876இல் வழியிலேயே கொலையுண்டனர். 1881இல் கதாமிஸ் அருகே மேலும் மூவர் மடிந்தனர். பாலைவனம் கடந்து செல்வதற்கான பாதையன்று, அங்கே வாழ்வோரின் வீடு என்பதைத் திருச்சபை உணர்வதற்கு இத்தனை உயிர்கள் பலியாக வேண்டியிருந்ததே என்று நெஞ்சம் கனக்கிறது.

1901இல் கர்தாயாவைத் தலைமையிடமாகக் கொண்ட தனி நிர்வாகம் ஏற்பட்டு, முப்பது வயதும் நிரம்பாத ஷார்ல் கெரான் அதன் தலைவரானார். அதே ஆண்டில், முன்னாள் குதிரைப்படை அதிகாரியும் புதிதாகக் குருப்பட்டம் பெற்றவருமான ஷார்ல் தெ ஃபூக்கோ பெனி அப்பேஸுக்கு வந்து, 1905இல் துவாரெக் மக்களின் தமன்ராசெத்தில் குடியேறினார். பிரெஞ்சு ஆதிக்கத்தின் துணையோடு அவர் அங்கே சென்றார் என்பதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் அவ்வாதிக்கத்தால் கற்பிக்க இயலாத ஒன்றை அப்பாலைவனத்து ஏழைகளிடமிருந்து அவர் கற்றார்.

1908 ஜனவரியில், கொடிய பஞ்ச காலத்தில், அவர் எழுந்திருக்கவும் இயலாமல் நோயுற்றார். உடனிருந்து பதிலுரைக்க ஒரு கிறிஸ்தவனும் இல்லாததால், முந்தின கிறிஸ்து பிறப்புத் திருநாளில் அவர் பூசை செய்யவும் கூடவில்லை. கொடுப்பதற்கென்றே வந்தவர், பெறுவதற்கு மட்டுமே வகையுள்ளவராய்ப் படுத்துக் கிடந்தபோது, துவாரெக் அயலார் சுற்றுப்புறமெங்கும் தேடி, வற்றிய மடிகளில் கறந்த சிறிதளவு ஆட்டுப்பாலை ஊட்டி அவரைப் பிழைப்பித்தனர். இம்மேற்றிராசனத்தின் உண்மையான அஸ்திவாரக்கல் அந்தப் பாலே என்பது என் துணிபு. தனித்துப் பூசை செய்வதற்கு ரோமாபுரியின் அனுமதி அம்மாத இறுதியில்தான் வந்து சேர்ந்தது.

மனந்திரும்பியோர் என்று எண்ணிக் காட்ட ஏறக்குறைய ஒருவருமில்லை. ஆனால் அவர் அரும்பாடுபட்டுத் தொகுத்த துவாரெக்–பிரெஞ்சு அகராதி பிற்காலத்தில் நான்கு பாகங்களாக அச்சேறியது. 1916 டிசம்பர் 1ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதர் பட்டம் பெற்றார்.

1901இல் கர்தாயாவில் தொடங்கிய அந்நிர்வாகமே 1955இல் லகுவாத் என்னும் முழு மேற்றிராசனமாயிற்று. 1962இல் அல்ஜீரியா சுதந்திரம் அடைந்ததும் ஐரோப்பியர் பெருந்திரளாக வெளியேறினர். முதல் மேற்றிராணியாரான ஜார்ஜ் மெர்சியேயோ 1968 வரை தம் பதவியில் நீடித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிவுறும் தறுவாயில், 1965 நவம்பர் 16ஆம் தேதி, ரோமாபுரியின் தொமித்தில்லா நிலவறைக் கல்லறையில் கூடி, மாளிகையும் பொன்னும் ஆடம்பரப் பட்டங்களும் துறந்து எளியோராக வாழ்வோமென்று உறுதிமொழி எடுத்த சுமார் நாற்பது மேற்றிராணிமாருள் அவரும் ஒருவர்.

(தொடரும்)